எட்டு பட்டன், ஐந்து வயர்



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோ போட்டிருந்தேன். பழைய டிவி கேம் ரிமோட் ஒன்று. அதிலிருந்து வரும் ஐந்து வயரும் ஒரு வெள்ளை ஓட்டைப் பலகையில் போய்ச் செருகியிருக்கும். பலகை நிறைய சில்லுகள். "பேரன் கட்டிய கம்ப்யூட்டர், நான் எடுபிடி" என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

பாதிப் பேர் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். சந்தோஷம். மீதிப் பேர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "டீச்சர், இதெல்லாம் இப்ப எதுக்கு? போன்லயே ஆயிரம் பழைய கேம் இருக்கே." "யூ.எஸ்.பி. ரிமோட் வாங்கிச் செருகினா முடிஞ்சது, இதுக்கு ரெண்டு வாரமா?" என் தங்கை மகன் உரிமையோடு எழுதியிருந்தான்: "பெரியம்மா, அவனை நல்ல கோடிங் கிளாஸ்ல சேர்த்து விடுங்க. குப்பையை வச்சு விளையாட விடாதீங்க."

பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, உட்காருங்கள்.

முதலில் அந்த ரிமோட் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். அது என் பேரனுடையது இல்லை. நான் பிடுங்கி வைத்தது.

1998. எட்டாம் வகுப்பு, கணக்குப் பாடம். கடைசி பெஞ்சில் சலசலப்பு. போய்ப் பார்த்தால் ஒரு பையன் டெஸ்க்குக்குக் கீழே கேம் ரிமோட்டைக் கழற்றி வைத்திருக்கிறான். அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிவி கேமில் சேர்ந்தது. வயர் அறுந்துபோய், அவனே முறுக்கி டேப் சுற்றியிருந்தான். "என்னடா இது?" என்றேன். அவன் பயப்படவில்லை. கேள்வி கேட்டான்.

"டீச்சர், இதுல எட்டு பட்டன் இருக்கு. ஆனா அஞ்சு வயர்தான் உள்ள வருது. எட்டு பட்டனுக்கு ஒம்பது வயர் வேணும்ல? எப்படி டீச்சர் அதுக்குத் தெரியுது?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. "கணக்குல முப்பத்தஞ்சு வாங்கத் துப்பில்ல, கேம் கேக்குதா?" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு அவனை வெளியே நிற்க வைத்தேன். பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்றேன். தரவில்லை. மறந்துவிட்டேன். 2018ல் ஓய்வு பெற்றபோது பீரோவைக் காலி செய்து ஒரு டிரங்குப் பெட்டியில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் இதுவும் இருந்திருக்கிறது.

இந்த வருஷம் பேரன்தான் அதை எடுத்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். உள்ளே பார்த்துவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாயி, எட்டு பட்டன், அஞ்சு வயர்தான் இருக்கு." எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபத்தேழு வருஷம் கழித்து அதே கேள்வி. இந்த முறை அந்தக் கேள்வியை வெளியே நிற்க வைக்கவில்லை.

பதில் என்ன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாப்ட்வேரில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது உங்களுக்குத் தினமும் நடந்த விஷயம்தான்.

வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். யார் யார் கை தூக்கியிருக்கிறார்கள் என்று அறைக்கு வெளியே நிற்கும் தலைமையாசிரியருக்குத் தெரிய வேண்டும். ஒரு வழி, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கயிறு கட்டி வெளியே விடுவது. எட்டுப் பிள்ளைக்கு எட்டுக் கயிறு. 1977ல் வந்த அடாரி 2600 ஜாய்ஸ்டிக் இந்த வகை. நான்கு திசை, ஒரு சுடும் பட்டன், ஆளுக்கொரு வயர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட்.

இன்னொரு வழி, அட்டெண்டன்ஸ். "அப்படியே நில்லுங்க!" என்று ஒரு அதட்டல். யார் கை தூக்கியிருந்தார்களோ அந்த நிலை அப்படியே உறைந்துவிடும். முதல் பிள்ளை வாசலுக்கு வந்து நிற்கும், அதன் கையைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி அடித்தால் அது நகர்ந்து அடுத்த பிள்ளை வரும். இப்படி எட்டுப் பேர். அதட்டலுக்கு ஒரு வயர், மணிக்கு ஒரு வயர், பதிலுக்கு ஒரு வயர். மின்சாரம் வர ஒன்று, போக ஒன்று. மொத்தம் ஐந்து!

1983ல் ஜப்பானில் நின்டெண்டோ கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டியின் ரிமோட்டில் இந்த வேலையைச் செய்தது 4021 என்ற சின்னச் சில்லு. நம் ஊர் வீடுகளில் 90களில் இருந்த டிவி கேம்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்கள். அவற்றின் ரிமோட்டில் சில்லுக்குப் பதில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறுப்புத் தார் உருண்டை இருக்கும். உள்ளே வேலை அதேதான். வரிசையும் அதேதான்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. நம் ஊர் டிவி முறையில் நொடிக்கு 50 தடவை திரை மாறும். பெரும்பாலான விளையாட்டுகள் ஒவ்வொரு தடவையும் இந்த அட்டெண்டன்ஸை எடுத்து முடித்துவிடும்.

அந்தப் பையனுக்கு 1998ல் இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அதுவும் நான், தினமும் காலையில் ரிஜிஸ்டரைத் திறந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவள்!

இப்போது உங்கள் கமெண்ட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் கமெண்ட்: "யூ.எஸ்.பி. ரிமோட் வாங்கிச் செருகினா முடிஞ்சது." உண்மைதான், முடிந்துவிடும். எனக்கு அது முடியக் கூடாது என்பதுதான் விஷயம். நீங்கள் சொல்லும் ரிமோட்டில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் பொம்மை குதிப்பதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று உங்களால் நிறுத்திக் காட்ட முடியுமா? எங்கள் பழைய ரிமோட்டில் முடியும். மணியைக் கையாலேயே அடிக்கலாம். பேரன் மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டைக் கொடுத்து, மணி வயரில் ஒரு ஸ்விட்ச் வைத்து, பதில் வயரில் மல்டிமீட்டரை வைத்தான். பட்டனை அழுத்தாவிட்டால் 5 வோல்ட், அழுத்தினால் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பட்டனின் பதில் வர வேண்டும்.

வரவில்லை. ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று பட்டன் தாண்டிப் போனது. இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். பெல் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "ஸ்விட்ச் துள்ளுதுடா." நாம் ஒரு தடவை தட்டினாலும் உள்ளே தகடு படபடவென்று நாலைந்து தடவை தொட்டு விலகுமாம். கண்ணுக்குத் தெரியாது, சில்லுக்குத் தெரியும். 555 என்ற சில்லை வைத்து ஒரு தட்டுக்கு ஒரே மணி என்று ஆக்கியதும் சரியானது. பெரும்பாலான ஸ்விட்சுகள் நாம் நினைப்பதுபோல ஒரே தடவையில் மூடுவதில்லை என்று அறுபத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன்.

பிறகுதான் கம்ப்யூட்டர். பென் ஈட்டர் என்ற அமெரிக்கர் யூடியூபில் காட்டித் தரும் முறையில் பேரன் கட்டியது. 65சி02 என்ற மூளை, 65சி22 என்ற வாசல், இரண்டு வரிக்குப் பதினாறு பதினாறு எழுத்து காட்டும் சின்னத் திரை. இந்த 65சி02 இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. இதன் மணியை முழுசாக நிறுத்தி, ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்க்கலாம். நிறுத்தினால் பாடத்தை மறக்காது. அப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்த்ததே இல்லை!

ரிமோட்டை அதில் சேர்க்க, ஐந்து வயரில் எது எது என்று முதலில் தெரிய வேண்டும். நெட்டில் ஒரு படம் இருந்தது. அதை நம்பிச் செருகாதே என்று தாத்தா தடுத்தார். இந்த நகல் பெட்டிகளில் ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றியிருப்பார்கள். ஒன்பது கால் செருகி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. அடாரி ஜாய்ஸ்டிக்கும் சேகா மெகா டிரைவ் ரிமோட்டும் பார்க்க ஒரே செருகிதான். ஆனால் உள்ளே மின்சாரம் வரும் கால் வேறு. ஒன்றுக்கானதில் இன்னொன்றைச் செருகினால் பழைய கம்ப்யூட்டரின் சில்லே போய்விடலாம்.

அதனால் அளந்தோம். எட்டு பட்டனுக்கும் ஒரு பக்கம் பொதுவாகப் போகும் தடம் கிரவுண்ட். ஓரத்தில் இருந்த கபாசிட்டரின் ஒரு கால் கிரவுண்ட், மறு கால் 5 வோல்ட். மீதி மூன்று வயர். "அப்பாயி, மூணு வயரை எத்தனை விதமா வரிசைப்படுத்தலாம்?" என்றான். ஆறு விதம். பாடப் புத்தகத்தில் மாலையில் பூக்களைக் கோப்பதற்கும் நாற்காலியில் ஆட்களை உட்கார வைப்பதற்கும் மட்டும் வரும் கணக்கு, முதல் முறையாக ஒரு வேலைக்கு உதவியது. தப்பாகச் செருகினாலும் எதுவும் எரியாமல் இருக்க ஒவ்வொரு வயரிலும் ஒரு 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டு, ஒவ்வொரு வரிசையாக முயற்சி செய்தான். நான்காவதில் மாட்டியது.

மாட்டியும் இரண்டு நாள் பேய் பிடித்த மாதிரி ஆடியது. தொடாமலே பட்டன் அழுந்தியதாகக் காட்டியது. காரணம், ரிமோட்டுக்குத் தனி சார்ஜர், கம்ப்யூட்டருக்குத் தனி சார்ஜர், இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க மறந்துவிட்டோம். இருவருக்கும் தரை ஒன்றாக இல்லாவிட்டால் ஒருவர் சொல்லும் 5 வோல்ட் மற்றவருக்கு 5 வோல்ட் இல்லை. அதைச் சரிசெய்ததும் இன்னொரு வேடிக்கை. பி பட்டனை அழுத்தினால் திரையில் ஏ வந்தது. செலக்ட்டை அழுத்தினால் பி. ஏ பட்டனுக்கு ஒன்றுமே இல்லை. பேரன் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பினான். "அப்பாயி, மொதப் பிள்ளையைப் பாக்காமலே மணி அடிச்சிட்டேன்!" பதிலைப் படித்துவிட்டு மணி அடிக்க வேண்டும். அவன் அடித்துவிட்டுப் படித்திருக்கிறான். இரண்டு வரியை மாற்றிப் போட்டதும் எட்டும் சரியாக வந்தது.

இரண்டு வாரம் இதற்குத்தான் ஆனது. துள்ளல், ஆறு வரிசை, பொதுத் தரை, ஒன்று தள்ளிப்போன எண்ணிக்கை. இந்த நான்கில் எதை உங்கள் யூ.எஸ்.பி. ரிமோட் கற்றுக்கொடுத்திருக்கும்?

இரண்டாவது கமெண்ட், கோடிங் கிளாஸ். கோடிங்குக்கு நான் விரோதி இல்லை. இதிலும் கோடிங் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஒரு வகுப்பில் பிள்ளை திரையில் வண்ணக் கட்டங்களை இழுத்து விடுகிறது, பூனை நடக்கிறது, சர்டிபிகேட் வருகிறது, அம்மா அதை ஸ்டேட்டஸில் வைக்கிறார். ஏன் நடந்தது என்று பிள்ளையும் கேட்கவில்லை, சொல்லிக்கொடுத்தவரும் சொல்லவில்லை. கேள்வி எழாத மாதிரி கட்டிய வகுப்பு அது. நான் 1998ல் அதட்டி வாயை மூடினேன். இவர்கள் பணம் வாங்கிக்கொண்டு இனிமையாக மூடுகிறார்கள். பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுதான்.

உங்களில் கல்லூரியில் மைக்ரோபிராசசர் படித்தவர்கள் நிறையப் பேர். 8255 சில்லுக்கு மூன்று போர்ட், ஆளுக்கு எட்டு பிட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். அதில் வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு பட்டனைக் கட்டி அழுத்திப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பார்க்கிறேன்.

மூன்றாவது, "90ஸ் கிட்ஸ்" கூட்டம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ரிமோட் படத்தைப் போட்டு "இது என்னன்னு தெரிஞ்சா லைக் போடு" என்று வருஷத்துக்கு நாலு தடவை எனக்கே அனுப்புகிறீர்கள். நிஜ ரிமோட்டோ பரணில் கிடக்கிறது, இல்லை போகிப் பண்டிகைக்கு முன்னால் பழைய சாமான்காரருக்குப் போய்விட்டது. கண்ணீர் விடுவதற்கு மட்டும் ஒரு பொருளை வைத்துக்கொள்வது மரியாதை இல்லை. பொருளுக்கு மரியாதை, அது இன்னும் வேலை செய்வது. கறுப்பு ரப்பரையும் கீழே உள்ள கரித் தடத்தையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பல ரிமோட்டுகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

நான்காவது கமெண்ட்டில் நியாயம் இருக்கிறது. "டீச்சர், இதெல்லாம் வசதி இருக்கிற வீட்டுக்கு. நாம படிச்ச ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஆகுமா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். கம்ப்யூட்டரைக் கட்டக் காசு ஆகும், மறைக்கவில்லை. சில்லுகள் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை. 1976லிருந்து வந்துகொண்டிருந்த இஸட்80 என்ற புகழ்பெற்ற சில்லையே 2024ல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் நான் மேலே சொன்னதில் பாதிக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. பரணில் கிடக்கும் ரிமோட், பழைய மொபைல் சார்ஜர், ஒரு மல்டிமீட்டர், பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர். கடைசியாகச் சொன்னதுதான் எங்கேயும் கிடைப்பதில்லை.

காசு செலவழித்த இடத்திலும் என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறேன். 1984-85ல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் முதலில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற இங்கிலாந்துக் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. அருமையான மெஷின். பின்பக்கம் ஜாய்ஸ்டிக் செருகவே பதினைந்து கால் வாசல் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் பேசிக் மொழியில் அட்வால் என்று ஒரு சொல் உண்டு. அதைத் தட்டினால் ஜாய்ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எண்ணாகவே சொல்லும். பிள்ளைகள் எதையாவது செருகிப் பார்க்கட்டும் என்று நினைத்துச் செய்த மெஷின் அது.

80களின் கடைசியில் பயிற்சிக்குப் போன ஒரு பள்ளியில் எங்களுக்கு அதைக் காட்டினார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். மேலே பூப்போட்ட துணி. துணியை விலக்கி, கும்பிட வைத்து, மூடிவிட்டார்கள். நாங்களும் பயபக்தியோடு வந்துவிட்டோம். அதற்குள் இருந்த மூளை 6502. அந்தப் பையன் வீட்டில் டிவி மேல் தூசியோடு கிடந்த விளையாட்டுப் பெட்டியின் மூளையும் அதே வம்சம்தான். அங்கே துணி போட்டு மூடினார்கள், இங்கே நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இது பிடிக்காது. என் பேத்தி பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "போர் அடிக்குது அப்பாயி" என்று படம் வரையப் போய்விட்டாள். போகட்டும். அவள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும், அதற்கும் யாராவது உட்கார வேண்டும். எல்லோரையும் இதில் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள் என்கிறேன்.

எங்கள் ஊர் எறும்பீஸ்வரர் கதை உங்களுக்குத் தெரியும். எறும்பாக வந்தவர்களால் வழுக்கி வழுக்கி ஏற முடியவில்லை என்று சாமியே புற்று மண்ணாகிச் சாய்ந்து கொடுத்தாராம். ஏறத் தெரியவில்லை என்று எறும்பை வெளியே நிற்க வைக்கவில்லை. அந்த மலையைத் தினமும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வந்தவள் நான்.

ஆகவே உங்களுக்கு மூன்று வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய ரிமோட், ரேடியோ, போன் எதையும் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு கொடுங்கள். கரண்டில் நேராகச் செருகுவதையும் பெட்டி டிவியையும் மட்டும் கொடுக்காதீர்கள், ஆபத்து. பிள்ளை கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியலடா, பாப்போம்" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வார்த்தை என் வாயில் வர முப்பத்தேழு வருஷ சர்வீஸ் போதவில்லை. மூன்றாவது, ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. பிள்ளையையும் பழைய சாமானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மல்டிமீட்டர் உண்டு, தாத்தா உண்டு, காபி உண்டு. கட்டணம் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது.

கடைசியாக, அந்தப் பையனுக்கு. பெயர் போடவில்லை. இதைப் படித்தால் உனக்கே தெரியும். உன்னோடு படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், யாராவது இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள். தம்பி, உன் ரிமோட் என்னிடம் இருக்கிறது. நீ சுற்றிய டேப்பைப் பிரித்து வேறு சுற்றியிருக்கிறோம், மற்றபடி அப்படியே இருக்கிறது. எட்டும் வேலை செய்கிறது. நீ கேட்டது சரியான கேள்வி. அன்றைக்கு வகுப்பில் பதில் தெரியாதவள் நான்தான். வந்து வாங்கிக்கொள். உனக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்